மாங்கன்றில் கத்தி வைக்கலாமா?

முன்னேஸ்வரம் இருப்பது தென்னை நாட்டில். தென்னைக்கு ஒரே குருத்து. அதனை வெட்டினால் மரமே மடியும். தென்னையோடு பழகிய நம்மவர் கை, வளவில் நிற்கும் மாங்கன்றில் கத்தி வைக்கக் கூசுவது இதனாற்போலும்!

மாவின் இயல்போ வேறு. நுனிக்குருத்தில் ஊறும் ஆக்சின் என்னும் பொருள் கீழுள்ள அரும்புகளை உறங்க வைத்திருக்கிறது. நுனியை நறுக்கியதும் அவை விழித்துக் கொப்புகளாகும். நறுக்காது விட்ட கன்று கூரைக்கு மேல் உயர்ந்து, கனியை வௌவாலுக்குக் கொடுக்கும், நமக்கு நிழல்தான்.

ஒட்டுக்கன்று இரண்டரை அல்லது மூன்றடி உயர்ந்ததும் நுனியைத் தயங்காது வெட்டுக. எழும் தளிர்களுள் வெவ்வேறு திசை நோக்கிய 3 அல்லது 4 மட்டும் போதும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுக. விட்டால், கறுத்தக்கொழும்பான் நட்ட இடத்தில் பெயரறியாப் புளிமாவே மிஞ்சும்.

காய்க்கும் மரத்தை அறுவடை முடிந்த கையோடு கத்தரித்தல் வேண்டும். மா பூப்பது முதிர்ந்த கொப்பின் நுனியில். காலந்தாழ்த்தி வெட்டுவோர் அடுத்த பருவத்துப் பூவையே வெட்டுகின்றனர். கொய்யாவுக்கு இவ்வச்சம் வேண்டாம். அது புதுத் தளிரிலேயே காய்க்கும்.