எல்லை கடந்து வரும் மாசுக் காற்று: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் ஆகியவை உள்ளவர்களுக்குக் காற்றின் தரம் குறித்த முன்னெச்சரிக்கை மருந்தைப் போலவே பயன் தருவது. கொரட்டூரில் நீங்கள் சுவாசிக்கும் மாசு முழுவதும் கொரட்டூரில் உண்டானதன்று. வாகனப் புகையுடன், பிற பகுதிகளிலிருந்து காற்றில் வரும் நுண்துகள்களும் அதில் கலந்துள்ளன.

அரசுகள் தரவைப் பகிர்வது ஏன்?

2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய நுண்துகள்கள் பல நாட்கள் காற்றில் மிதந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கக் கூடியவை. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் சென்னைக் கடற்கரையை நெருங்கிய நாட்களில், இலங்கையில் காற்றின் தரம் வெகுவாகக் குறைந்தது. இந்தியப் பகுதியிலிருந்து வந்த மாசடைந்த காற்றே இதற்குக் காரணம் என அந்நாட்டு அதிகாரிகள் தெரிவித்தனர். டிசம்பர் 9 அன்று அங்கு அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. காற்று புறப்படும் இடத்தின் அளவீடு உரிய நேரத்தில் கிடைத்தால், அது சென்றடையும் இடத்தில் உள்ளவர்கள் முன்கூட்டியே தயாராகலாம். இந்நோக்கில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட 8 நாடுகள் 1998இல் மாலே பிரகடனத்தை ஏற்றன.

எண்களை ஒப்பிடும்போது கவனம்

நாட்டுக்கு நாடு குறியீட்டு முறை வேறுபடும். நுண்துகள் ஒரு கனமீட்டரில் 60 மைக்ரோகிராம் எனில், இந்தியக் குறியீடு 100. அமெரிக்க முறையில் அது 150ஐத் தாண்டும். எனவே கைப்பேசிச் செயலி எந்த நாட்டு முறையைப் பின்பற்றுகிறது என்பதைப் பாருங்கள்.

உங்கள் பகுதிக்கு எதைப் பார்ப்பது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அரும்பாக்கம், கொடுங்கையூர், மணலி நிலையங்களின் அளவுகளைக் காணலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணலி, கொடுங்கையூர் திசையிலிருந்து காற்று வருவதால் அவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி ஆகும். ஆகவே போகிப் புகை போன்ற திடீர் மாசு அதில் தாமதமாகவே தெரியும். கண்ணுக்குப் புகை தெரிந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

- குறியீடு 101–200: நுரையீரல், இதய நோயாளிகள், முதியோர், குழந்தைகள் வெளியில் கடும் உழைப்பைக் குறைக்கவும்.
- 200க்கு மேல்: இயன்றவரை வீட்டுக்குள் இருக்கவும். வெளியே செல்ல நேர்ந்தால் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியவும். துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது.
- வீட்டினுள் கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையைத் தவிர்க்கவும்.
- மருத்துவர் நாள்தோறும் பயன்படுத்தச் சொன்ன இன்ஹேலரை, மூச்சு சீராக இருக்கும் நாட்களிலும் நிறுத்த வேண்டாம். உடனடி நிவாரண இன்ஹேலரைக் கைவசம் வைத்திருக்கவும்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், நிவாரண இன்ஹேலர் எடுத்தும் குறையாத இளைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தாதீர்கள். அன்றைய குறியீடு குறைவாக இருந்தாலும் நோயாளியின் மூச்சுக்கே முதலிடம் கொடுங்கள்.