இரும்பு சொல்லும் இரகசியம்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, ஒரு புறம் வாவியும் மறு புறம் வங்கக் கடலுமாக அமைந்த ஊர் காத்தான்குடி. வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைப் பிரயாணிகள் எளிதில் மறப்பதில்லை. கடற்கரை மணலிலே காந்தத் துண்டை இழுத்து விளையாடிய சிறுவர் அறிவர்: மணலிற் கலந்து கண்ணுக்குத் தோன்றாதிருந்த கருந்துகள்கள் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். மூளையினுள் மறைந்து கிடக்கும் இரும்பையும் காந்தத்தின் துணையால் அறியலாம் என்றால் வியப்பாக இல்லையா?

மூளையின் நுண்ணிய இரத்த நாளங்கள் சில வேளைகளில் சிறிதே கசிவதுண்டு. பெரும்பாலும் தலைவலியோ தளர்ச்சியோ தோன்றுவதில்லை. எனினும் சிந்திய இரத்தத்திலுள்ள இரும்பு அவ்விடத்திலேயே ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடுகிறது. சி.ரி. படத்தில் இப்பழைய கசிவுகள் தென்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. எனும் காந்தக் கருவியோ அவற்றைக் காட்டிவிடுகிறது. இரும்பு தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தைக் குலைப்பதால், படத்தில் அவ்விடம் கரும்புள்ளியாகிறது. உள்ளதைவிடப் பெரிதாகவும் தெரிகிறது.

பிராணவாயுவை இழந்த இரத்தம் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதை 1936ஆம் ஆண்டிலேயே லைனஸ் பாலிங், சார்ள்ஸ் கோரியெல் என்போர் காட்டினர். 1997இல் ரைக்கன்பாக், ஹாக்கே முதலியோர் அத்தன்மையைக் கொண்டே மூளையின் மெல்லிய நாளங்களைப் படமெடுத்தனர். அம்முறை வளர்ந்து இன்று நுண்கசிவுகளைக் காணவும் உதவுகிறது.

புள்ளி இருக்கும் இடமும் பொருளுடையது. மூளையின் ஆழத்தில் இருப்பின் பெரும்பாலும் நெடுநாளைய இரத்த அழுத்தத்தின் விளைவு. மேற்புறத்தில் மட்டும் இருப்பின், முதுமையில் நாளச் சுவரில் படியும் ஒருவகைப் புரதம் காரணமாகலாம்.

நாளம் அடைபட்டுப் பாரிசவாதம் கண்டவருக்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து தருவது வழக்கம். கசிவுள்ள மூளைக்கு அது ஆகுமா? 20,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2019இல் வெளியான சர்வதேச ஆய்வொன்று, கசிவுகள் இருப்போரிடத்தும் மீண்டும் அடைப்பு வரும் அபாயமே பெருக்கைவிட அதிகம் எனக் கண்டது. ஆகையால், புள்ளியைக் கண்டு பயந்து மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் தகாது; முடிவு வைத்தியருடையது.

மாணவர்களே! அழுத்தத்தை அளக்கப் பெருங்கருவி வேண்டியதில்லை. கையிற் சுற்றும் பட்டை போதும். உப்பும் கருவாடும் விரும்பி உண்ணும் வாப்பாவையும் உம்மாவையும் இந்த வாரமே அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்பு எழுதுமுன் நாம் விழித்துக்கொள்வதே விவேகம்.