மூடாமல் போன பாதை

பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பேரனை அதில் கிடத்திக் குளிப்பாட்டுகிறார். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழ, தொடையிடுக்கின் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்குப் புடைக்கிறது. அழுகை ஓய்ந்து தூங்கியபின் பார்த்தால் அதைக் காணோம். “வளர வளரச் சரியாயிடும்” என்று வீட்டில் தேற்றுவார்கள். தொப்புள் புடைத்திருந்தால் அந்த வாக்கு பெரும்பாலும் பலிக்கும். தொடையிடுக்குக் குடலிறக்கத்தில் பலிக்காது.

ஆண் சிசுவின் விதைகள் உருவாவது வயிற்றுக்குள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவை விதைப்பைக்கு இறங்கும்போது, வயிற்றின் உள்சவ்வும் விரலுறை போல நீண்டு கூடவே இறங்குகிறது. பிறகு அந்தப் பாதை தானாகவே அடைபட வேண்டும். அடைபடாவிட்டால் குழந்தை அழும்போதும் முக்கும்போதும் குடல் அதில் நழுவி இறங்கும். நிறைமாதக் குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 பேருக்கு இது வரலாம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆண் குழந்தைகளிடமும் வலப்பக்கத்திலும் கூடுதல். பெண் குழந்தைகளுக்குச் சில நேரம் சினைப்பையே இறங்கிவிடும்.

பெரியவர்களுக்குத் தசை தளர்வதால் வலை வைத்துத் தைப்பார்கள். குழந்தைக்கு வலை வேண்டாம். பாதையின் வாயைக் கட்டினால் போதும்.

வழக்கமான முறையில், இடுப்பு மடிப்பில் சிறிதாகக் கீறி, நூல்போன்ற விந்துக்குழாயிலிருந்தும் ரத்தக் குழாய்களிலிருந்தும் அந்தச் சவ்வுப் பையைப் பிரித்துக் கட்டுகிறார்கள். நுண்துளை முறையில் வேலை உள்ளிருந்து நடக்கிறது. தொப்புளில் 3 அல்லது 5 மில்லிமீட்டர் துளையிட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, கேமராவை நுழைக்கிறார்கள். திறந்திருக்கும் வாய் திரையில் பெரிதாகத் தெரியும். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் ஷீர், சிறுமிகளுக்கு இம்முறையில் செய்த சிகிச்சையை 1998-இல் வெளியிட்டார். 2006-இல் போலந்தின் டாரியுஷ் பட்கோவ்ஸ்கி அதை இன்னும் எளிதாக்கினார்: தோல்வழியே ஊசியைச் செலுத்தி, வாயைச் சுற்றி நூலை ஓட்டி, முடிச்சைத் தோலுக்கடியில் புதைத்துவிடும் முறை அது. இடுப்பில் மிஞ்சுவது ஓர் ஊசிக்குத்துத் தழும்பு.

கேமராவால் இன்னொரு வசதி, மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். அங்கும் வாய் திறந்திருந்தால் அதே மயக்கத்திலேயே மூடலாம். ஆனால் திறந்த வாயெல்லாம் குடலிறக்கமாக மாறுவதில்லை என்பதால், மூடத்தான் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பழைய முறையும் தரம் குறைந்ததல்ல. இரண்டிலும் குடலிறக்கம் திரும்ப வர சிறு வாய்ப்பு உண்டு.

எப்போது செய்வது? ஒரு வயதுக்குள் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதனால் கண்டறிந்ததும் தள்ளிப்போடுவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. மயக்க மருந்துக்குப் பிறகு அவர்களுக்கு மூச்சு நின்று நின்று வரக்கூடும். 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடனே அறுவை செய்த குறைமாதக் குழந்தைகளில் 100-க்கு 28 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. சில மாதம் காத்திருந்தவர்களில் 18 பேருக்கு.

வீட்டில் தெரிந்த புடைப்பு டாக்டர் முன்னால் ஒளிந்துகொள்வது வழக்கம். அதனால் அது வெளியே தெரியும்போதே செல்போனில் படம் எடுத்துவைத்தால் நல்லது. புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போகாமல், குழந்தை விடாமல் அழுது வாந்தியெடுத்தால் படத்துக்கெல்லாம் நேரமில்லை. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.