இப்பன்கட்டுவ ஈமக்காடு



அட்டன் தோட்டப்பகுதி நண்பர் நால்வர் நாங்கள். கொழுந்து குறைந்த காலத்தில் ஆண்டுக்கொரு முறை பேருந்தேறி, கண்டி, மாத்தளை வழியே தம்புள்ளையை அடைந்து இரவைக் கழிப்போம். குளிருக்கென எடுத்த கம்பளி அங்கே வீண்சுமை! விடிந்ததும் இப்பன்கட்டுவ ஈமக்காட்டிற்குச் செல்வோம்.

அஃது ஏறத்தாழ 2700 ஆண்டுப் பழமையுடையது. 1980களில் அகழ்ந்து ஆராயப்பட்டது. நான்கு பலகைக் கற்களைப் பெட்டிபோல் நிறுத்தி, எரித்த உடலின் எச்சங்களையும் தாழிகளையும் உள்ளே வைத்து, பெருங்கல் ஒன்றால் மூடியிருக்கின்றனர். கற்பதுக்கை என்பது இதுவே. இறந்தவரோடு வைத்த மணிகளுள் சூதுபவளமும் உண்டு. அக்கல் இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பர் ஆய்வாளர்.

எங்களை மீண்டும் மீண்டும் அங்கே அழைப்பது வேறொன்று. 19ஆம் நூற்றாண்டில் எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். அவர்களைப் புதைத்த இடம் இதுவெனக் காட்ட ஒரு கல்லும் இல்லை.

எங்களுள் மூத்தவர் வெற்றிலை பாக்குக் கொண்டுவருவார். அதனைப் பதுக்கையருகே வைப்பதில்லை. திரும்பும்போது சாலையோரத்து மரத்தடி ஒன்றில் வைப்பார். ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு மரம்.