பெண்கள் குழுவுக்கு என்ன பேர் வைக்கிறது?

கணினித் துறையில், குறிப்பாகக் கட்டற்ற மென்பொருள் பக்கம், பெண்களுக்காகத் தொடங்கிய குழுக்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1987-ல் அனிதா போர்க் ஆரம்பித்த 'சிஸ்டர்ஸ்' (சிஸ்டம், சிஸ்டர் இரண்டையும் ஒட்டவைத்த சொல்). 1998-ல் 'லினக்ஸ்சிக்ஸ்'. 2004-ல் 'டெபியன் விமன்'. 2010-ல் ஹெல்சிங்கியில் 'ரெயில்ஸ் கேர்ள்ஸ்'. 2011-ல் 'பைலேடீஸ்'. 2014-ல் பெர்லினில் 'ஜாங்கோ கேர்ள்ஸ்'.

எல்லாமே பெண்களைத்தான் குறிக்குது. ஆனா ஒவ்வொரு சொல்லும் வேற வேற ஆளைக் கூப்பிடுது.

'சிக்' என்றால் கோழிக்குஞ்சு. இளம்பெண்ணைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சை. அதைப் பெண்களே எடுத்துப் பெயராக வைத்துக்கொண்டதில் ஒரு துணிச்சல் இருக்கு. ஆனால் அந்தக் கிண்டல் புரிவது ஏற்கனவே உள்ளே இருப்பவருக்குத்தான். 'கேர்ள்ஸ்' புதிதாகக் கற்க வருபவரின் பயத்தைக் குறைக்கும். இருபது வருஷம் நிரல் எழுதினவங்க, 'இது நமக்கில்லை'ன்னு தாண்டிப் போகவும் வைக்கும். 'லேடீஸ்' மரியாதையான சொல்தான். கூடவே, ஒரு பெண் எப்படி நடந்துக்கணும் என்கிற பழைய எதிர்பார்ப்பும் அதில் ஒட்டிக்கிட்டு வருது.

இதற்கு ஒரு சுலபமான சோதனை: அதே சொல்லை ஆணுக்கு மாற்றிப் பாருங்கள். 'ஜாங்கோ பாய்ஸ்' என்றால் தெருக் கிரிக்கெட் டீம் மாதிரி இருக்கு. 'டெபியன் மென்' அப்படி இல்லை, வயது வந்தவர்கள் என்று புரிகிறது.

அடுத்த கேள்வி, யார் வெளியே நிற்கிறார்கள் என்பது. எல்லாரையும் சேர்க்கிறோம் என்று 'விமன்' என்ற சொல்லின் நடுவில் ஓர் எக்ஸ் போட்டு எழுதும் வழக்கம் வந்தது. 2018-ல் லண்டனின் வெல்கம் கலெக்‌ஷன் அருங்காட்சியகமும், 2021-ல் ட்விட்ச் நிறுவனமும் அப்படி எழுதிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. திருநங்கையரும் பெண்கள்தானே, அவர்களைச் சேர்க்க ஏன் தனி எழுத்துக்கூட்டல்? எழுத்தை மாற்றினால், பழைய சொல்லில் அவர்கள் இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது.

'அவுட்ரீச்சி' வேறு வழியில் போனது. க்னோம் திட்டம் 2006-ல் பெண்களுக்காக நடத்திய கோடைப் பயிற்சியில் தொடங்கியது அது. பிறகு பெயரிலேயே 'பெண்களுக்கான' என்ற சொல்லோடு நடந்தது. 2015-ல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு இந்தப் பெயருக்கு மாறினார்கள். காரணம், பெண்கள் மட்டுமில்லாமல் வாய்ப்புக் குறைந்த மற்றவர்களையும் சேர்த்தார்கள். ஆட்களும் மாறினார்கள், பெயரும் மாறியது. அது நேர்மை. வெறும் பெயரை மட்டும் விரித்துவிட்டு, உள்ளே அதே கூட்டமாக இருந்தால் அதில் பயனில்லை. 'பெண்' என்ற சொல்லை எடுத்தால் ஒரு நஷ்டமும் உண்டு: இடம் தேடி வருகிற பெண்ணுக்கு, இது தனக்கானது என்பது பெயரைப் பார்த்த உடனே தெரியாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். 'பெண்' என்ற சொல்லுக்கு வயது கிடையாது. எட்டு வயதும் எண்பது வயதும் பெண்தான். 'திருநங்கை'க்குள் இருக்கிற 'நங்கை'யும் பெண்ணைக் குறிக்கும் சொல்தான். 'மகளிர்' என்றால் சுயஉதவிக் குழு வாடை அடிக்கும், 'மங்கையர்' என்றால் பத்திரிகைப் பக்கம் நினைவுக்கு வரும்.

அதனால் என் கணக்கு இதுதான்: பெயரைச் சாதாரணமாக வையுங்கள், 'பெண்கள்' போதும். அதுக்குக் கீழேயே ஒரு வரி எழுதுங்கள்: திருநங்கையர் உண்டா, ஆண் பெண் இரண்டிலும் தன்னை வைக்காதவர் உண்டா, உதவ வரும் ஆண்களுக்கு இடம் உண்டா என்று. ஒற்றைச் சொல்லில் இத்தனையையும் அடைக்க முடியாது. அந்த வரி இல்லையென்றால், சந்தேகத்தோடு வாசலில் நிற்பவர் கேட்காமலேயே திரும்பிப் போய்விடுவார். அவர் வந்தது யாருக்கும் தெரியாது.