முந்தல் களப்பு நமக்குச் சொல்லும் பாடம்



சம்பள நாளில் கடைவீதியில் நாம் வாங்குகிற உப்பிலும் கருவாட்டிலும் புத்தளம் கரையோரத்துச் சரக்கும் உண்டு. அந்தக் கரையில், சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில் முந்தல் என்ற ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு களப்பு. களப்பு என்றால் கடலின் உப்புத் தண்ணியும் ஆற்றின் நல்ல தண்ணியும் கலந்து நிற்கிற, ஆழமில்லாத நீர்நிலை. ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் ஒன்று தெற்கே சிலாபத்தையும் வடக்கே புத்தளம் களப்பையும் முந்தலோடு இணைக்கிறது.

மலையில் இருக்கிற நமக்கு அதனால் என்ன என்று நினைக்காதீங்க. அங்கே தண்ணிக்கு நடந்தது இங்கேயும் நடக்கக்கூடியதுதான்.

கண்டல் காடு ஒரு பிள்ளை மடுவம்

களப்போரச் சேற்றில் கண்டல் மரங்கள் வளருகின்றன. உப்புத் தண்ணியிலேயே நிற்கும் மரம் இது. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களுக்கு நடுவிலும் கடற்புல்லிலும் ஒளிந்து வளரும். பெருத்த பிறகு கடலுக்குத் திரும்பும். பல மீன்களும் நண்டுகளும் இப்படித்தான் இந்த வேர்களை நம்பி வாழுகின்றன. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கேயே இரை தேடுகின்றன. நம்ம பாஷையில் சொன்னால், கண்டல் காடு இவைகளுக்கெல்லாம் பிள்ளை மடுவம்.

ஒருவர் விட்ட கழிவு, அடுத்தவருக்குத் தண்ணி

1980களில் புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. பல இடங்களில் கண்டலை வெட்டிக் குட்டை தோண்டினார்கள். குட்டைக்குத் தண்ணி எடுத்தது ஒல்லாந்தர் வாய்க்காலிலும் களப்பிலும். அழுக்குத் தண்ணியைத் திறந்து விட்டதும் அதே இடத்தில்தான். ஒரு பண்ணை விட்ட கழிவை அடுத்த பண்ணை பம்பு வைத்து இழுத்தது.

1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இது ஒரு வைரஸ் நோய். மனுசருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் இறாலைச் சில நாட்களில் கொன்றுவிடும். நோய் கண்ட குட்டையின் தண்ணி வாய்க்காலுக்குப் போனது. வாய்க்காலிலிருந்து அடுத்த குட்டைக்குப் போனது. தன் குட்டையைச் சுத்தமாக வைத்திருந்தவரும் தப்பவில்லை. பல குட்டைகள் கைவிடப்பட்டன. இறாலும் போனது, வெட்டிய கண்டலும் போனது.

அதற்குப் பிறகு பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்று கால அட்டவணை போட்டார்கள். நோய் அடியோடு ஒழியவில்லை. ஆனாலும், ஒரே தண்ணியைப் பாவிக்கிறவர்கள் ஒன்றாகக் கூடித்தான் அதைக் காக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

நட்டால் மட்டும் போதாது

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கரையோரங்களில் கண்டல் கன்றுகள் நிறைய நட்டார்கள். அப்படி நட்ட 23 இடங்களை ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. உப்பின் அளவும் தண்ணி ஏறி இறங்குகிற மட்டமும் பார்க்காமல் நட்டதுதான் பெரிய காரணம். நட்ட பிறகு கவனிப்பாரும் இல்லை. பராமரித்த இடங்களில் கன்றுகள் கூடுதலாகப் பிழைத்தன.

இருக்கிற கண்டலைக் காக்கும் திட்டம் ஒன்று 2015இல் தொடங்கியது. சிலாபத்துச் ‘சுதீச’ அமைப்பு கரையோரப் பெண்களுக்குத் தொழில் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்தது. பெண்கள் தங்கள் ஊர்க் கண்டலைக் காவல் காத்தார்கள். இலங்கையின் கண்டல் மீட்பு வேலையை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகத்துக்கு முன்மாதிரியாக அறிவித்தது.

இனி நம்ம ஆறு

கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு மக்கள் குடிக்கிற தண்ணியில் பெரும்பகுதி அதில்தான் எடுக்கப்படுகிறது. தெதுறு ஓயாவும் மலையில் பிறந்து சிலாபத்தில் கடலைச் சேருகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? மேல் லயத்துக் கான் தண்ணி ஓடையில் விழுந்தால், கீழ் லயத்துப் பீலிக்கு அதுதானே வருது! முந்தல் பண்ணைக்காரர்களைப் போலத்தான் நாமும் இருக்கிறோம்.

ஆகவே, நம்மால் முடிந்ததைச் செய்வோம்:

1. மருந்தடிக்கிற டாங்கியை ஓடையில் கழுவாதீங்க. வெறும் மருந்துப் போத்தலை அங்கே வீசாதீங்க.

2. ஓடைக் கரையில் நிற்கிற மரத்தையும் புதரையும் விட்டுவையுங்க. வேர் மண்ணைப் பிடிக்கும், நிழல் தண்ணியைக் குளிர வைக்கும்.

3. நஞ்சு கலக்கி மீன் பிடிக்கிறவர்களைத் தடுங்க. குஞ்சு மீனும் சாகும், அதைத் தின்கிற நீர்நாயும் சாகும், அந்தத் தண்ணி பிள்ளைகள் வாய்க்கும் போகும்.

4. பொலித்தீன் பையையும் பிள்ளைகளின் பம்பர்ஸையும் கானில் போடாதீங்க.

5. கரையில் கன்று நட்டால், ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் என்று பொறுப்பு எடுங்க. மாடு மேயாமல் வேலி கட்டுங்க.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு மேல் லயத்தாரும் கீழ் லயத்தாரும் சேர்ந்து வாங்க. கூட்டம் தொடங்கும் முன்னே, உங்க லயத்துக் கான் எங்கே போய் விழுகிறது என்று எல்லாருமா நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாங்க.