மூடுபனியில் விமானம் இறங்குவது எப்படி?

நள்ளிரவு. எங்கும் மூடுபனி. பயணிகளுடன் ஒரு விமானம் கீழே இறங்குகிறது.

அதுவரை ரேடியோ அலை வழி காட்டியது. இனி விமானியின் கண்தான் துணை. பல விமான நிலையங்களில், 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் தரையில் விளக்குகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறங்கக் கூடாது. மறுபடி மேலே கிளம்பிவிட வேண்டும்!

இந்த விளக்குகள் எப்படி உதவுகின்றன?

1940-களில் இங்கிலாந்தில், பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கால்வர்ட் என்பவர் ஒரு முறையை வகுத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

அந்த முறையில், ஓடுபாதைக்கு 900 மீட்டர் முன்பே விளக்கு வரிசை தொடங்கிவிடும். முதலில் மும்மூன்று விளக்குகள். 300 மீட்டர் கடந்ததும் இரண்டிரண்டு. கடைசி 300 மீட்டரில் ஒவ்வொன்று. இதைப் பார்த்ததுமே இன்னும் எவ்வளவு தூரம் என்று விமானி தெரிந்துகொள்வார்.

வரிசைக்குக் குறுக்கே, 150 மீட்டருக்கு ஒன்றாக, ஐந்து விளக்குக் கோடுகள் உண்டு. இவை எதற்கு? இருட்டில் அடிவானம் தெரியாது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது. குறுக்குக் கோடு சாய்வாகத் தெரிந்தால், சாய்ந்திருப்பது விமானம் என்று பொருள்! உடனே விமானி அதை நிமிர்த்துவார்.

மணிக்கு 250 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் விமானம், இந்த 900 மீட்டரை 13 விநாடியில் கடந்துவிடும். யோசிக்க நேரம் ஏது? பார்த்தவுடன் புரிய வேண்டும். அத்தனை பேர் உயிரும் அதில் இருக்கிறது.